சிம்கோ ஏரியில் குளோ ஜிக்: பச்சையா, வெள்ளையா, சும்மா பித்தளையா?

கேள்வி, 9 ஜனவரி 2025

"அண்ணைமார், போன வருசம் ஐஸ் ஒழுங்கா உறையவே இல்லை. இந்த முறைதான் முதல் தடவையா ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிக்க இறங்கப் போறன். கடையில ஜிக், அதுதான் குண்டு வைச்ச தூண்டில் முள், தொங்குற சுவரைப் பார்த்தா தலை சுத்துது. பச்சை குளோ (இருட்டில ஒளிருற பூச்சு), நீல குளோ, பிங்க், புலிவரி, கண் வைச்சது, கண் இல்லாதது. ஒண்டு ஆறு டொலர். எங்கட வேலையிடத்தில ஒருத்தர் குளோ எண்டா எப்பவும் திறம், வேற ஒண்டும் வாங்காத எண்டுறார். இங்க ஒன்ராறியோவில, சிம்கோ ஏரியில பேர்ச் மீன் பிடிக்க என்ன நிறம் வாங்கலாம்?"

9 ஜனவரி, இரவு

பேர்ச்சுக்கு மூன்று ஜிக் போதும், தம்பி. ஒன்று பித்தளை அல்லது வெள்ளி. ஒன்று கறுப்பு. ஒன்று பச்சை குளோ. மூன்றும் டங்ஸ்ரனில், 4 அல்லது 5 மில்லிமீற்றர். டங்ஸ்ரன் ஈயத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு அடர்த்தி. அதனால் மிளகளவு குண்டுகூட நூலை நேராக இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். விலை உறைக்கும்தான். ஆனால் மலிவு ஈய ஜிக் இருபது அடி இறங்குவதற்குள் கீழே நின்ற பேர்ச் கூட்டம் அடுத்த ஆளின் ஓட்டைக்குப் போயிருக்கும்.

சிவப்பு வாங்கவே வேண்டாம். தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் அதுதான். முப்பது அடியில் சிவப்பு ஜிக் கறுப்பாகத்தான் தெரியும். கறுப்புக்கு ஏன் இரண்டு தரம் காசு குடுப்பான்?

"எப்பவும் குளோ" என்று சொன்னவரோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் ஐந்து வருசம் அப்படித்தான் இருந்தேன்.

10 ஜனவரி

திருத்தம். நேற்று சிவப்பை ஒரேயடியாக வெட்டி எழுதிவிட்டேன். ஃப்ளோரசன்ற் செம்மஞ்சளும் சிவப்பும் வேறு கணக்கு.

சாதாரண சிவப்பு மை தன்மேல் விழுகிற சிவப்பு ஒளியைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். கீழே சிவப்பு ஒளி வராவிட்டால் திருப்பித் தர அதனிடம் ஒன்றுமில்லை. ஃப்ளோரசன்ற் மை நீலத்தையும் பச்சையையும் வாங்கிச் செம்மஞ்சளாக மாற்றி விடும். வீதி வேலைக்காரர் போடுகிற மேலங்கி மம்மல் நேரத்தில் பற்றி எரிகிற மாதிரித் தெரிவது இதனால்தான். மேலேயிருந்து வெளிச்சம் வருவது நின்றால் அதுவும் அந்தக் கணமே அணைந்துவிடும். குளோ முதலில் வெளிச்சத்தை வாங்கிச் சேர்த்து வைத்து, இருட்டில் மெல்ல மெல்ல விடுகிறது. பெட்டியில் "யு.வி." என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஃப்ளோரசன்ற் வகை. அதை வாங்கி வந்து இருட்டறையில் வைத்துப் பார்த்துவிட்டு "எரியுதில்லை" என்று கடைக்காரனோடு சண்டை பிடித்த ஒருவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இன்னொன்று. பேர்ச்சின் கண்ணில் நிறம் பிரிக்கிற கலங்கள் இரண்டு வகை. ஒன்றுக்குப் பச்சை பிடிக்கும், மற்றதுக்குச் செம்மஞ்சளும் சிவப்பும். ஆக மீனின் கண்ணில் குறை இல்லை. அடியில் சிவப்பு வெளிச்சம் இல்லை, அதுதான் பிரச்சினை. எட்டு அடித் தண்ணீரில் நிற்கிறவருக்கு நான் சொன்னது பொருந்தாது. முப்பது அடியில் நிற்கிறவருக்குப் பொருந்தும்.

12 ஜனவரி

நேற்று குக்ஸ் பே, ஏரியின் தெற்குக் குடா. விடிய நாலரைக்கு ஸ்காபரோவில் வெளிக்கிட்டு, 404ல் கெஸ்விக் வரைக்கும் போய், மச்சானும் நானும் சிலெட்ஜை இழுத்துக்கொண்டு நடந்தோம். ஐஸ் ஆறு அங்குலம், கறுப்புக் கண்ணாடி மாதிரி. காற்று பனியை வழித்துத் துடைத்து வைத்திருந்தது. ஆழமில்லாத இடத்தில் குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே களை நிற்பது தெரிகிறது. முதல் தரம் போகிற ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். தெளிந்த ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். பால் வெள்ளை ஐஸ் என்றால் அதில் பாதிப் பலம்தான், அளவை இரட்டிப்பாக்குங்கோ. ஐஸைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன், மிச்சத்தை ஓகர் (ஐஸில் ஓட்டை போடுகிற துரப்பணம்) போட்டுப் பார்த்து நீங்களே அளவுங்கோ.

இருபத்திரண்டு அடி ஆழம். முதலில் பச்சை குளோ போட்டேன், நல்லாய் டோர்ச் அடித்து ஏற்றி. தண்ணீருக்குள் விடுகிற கமராவை மச்சான் பக்கத்து ஓட்டையால் இறக்கினான். திரையில் ஜிக் ஒரு சின்ன டியூப் லைற் மாதிரி நிற்கிறது. பேர்ச் ஏழெட்டு வந்தன. வந்து ஒரு முழம் தள்ளி நின்றன. முள்ளை நிமிர்த்துகின்றன, மடக்குகின்றன. ஒன்று மட்டும் முன்னுக்கு வந்து, மூக்கால் முட்டுகிற தூரத்தில் நின்று, பின்பக்கமாகவே நீந்திப் போனது. வீட்டு வாசலில் பொலிசைக் கண்டவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி.

பித்தளை ஜிக்குக்கு மாற்றினேன். அடுத்த இருபது நிமிடத்தில் ஒன்பது.

விளக்கம் எனக்குத் தெரிந்தது இதுதான்: பனி இல்லாத கண்ணாடி ஐஸ், வெயில், சிம்கோவின் தெளிந்த தண்ணீர். தொண்ணூறுகளில் ஸீப்ரா மட்டி வந்து தண்ணீரை வடிகட்டத் தொடங்கிய பிறகு இந்த ஏரி முந்திய ஏரி இல்லை. அடிவரைக்கும் பகல். பகலில் எரிகிற லைற்றைக் கண்டால் நானும் கிட்டப் போகமாட்டேன்.

12 ஜனவரி, பின்னேரம்

மச்சான் இதை வாசித்துவிட்டு ரெலிபோன் எடுத்தான். "ஒன்பதில நாலு என்ர. ஏன் உங்கட கணக்கில எழுதினனீங்கள்?" சரி. ஐந்து.

19 ஜனவரி

குளோவில் எந்த நிறம் என்று கேள்விக்காரத் தம்பி திரும்பவும் கேட்டிருக்கிறார். பச்சை. காரணம் மீனை விட மருந்தில் கூட இருக்கிறது.

பழைய குளோ மருந்து நாகச் சல்பைட், அதில் கொஞ்சம் செம்பு கலந்தது. ஏற்றினால் கொஞ்ச நேரம் பளிச்சென்று நின்று படுத்துவிடும். 1990களில் ஜப்பான்காரர் ஸ்ரொன்சியம் அலுமினேற்றில் யூரோப்பியம் கலந்த மருந்தைக் கொண்டுவந்தார்கள். முதலில் மணிக்கூட்டு முகப்புகளுக்கு, பிறகு வாசல் அறிவிப்புப் பலகைகளுக்கு, கடைசியில் எங்கள் தூண்டிலுக்கு. பழையதை விடப் பல மடங்கு பிரகாசம், மணிக்கணக்கில் நிற்கும். அது இயல்பாகக் கக்குகிற நிறம் பச்சை, 520 நனோமீற்றர் சுற்றுவட்டாரம். நீலப்பச்சை வகையும் உண்டு, அடுத்த இடம் அதுக்கு. சிவப்பு, பிங்க் குளோ எல்லாம் மங்கல், சீக்கிரம் படுத்துவிடும். பச்சை இந்தத் தண்ணீரில் தூரம் போகிற நிறமும்கூட. மருந்துக்கும் தண்ணீருக்கும் பேர்ச்சின் கண்ணுக்கும் பச்சையில் ஒத்துப்போகிறது.

ஏற்றுவதற்கு ரெலிபோன் லைற் போதும். ஆனால் நீலமும் ஊதாவும்தான் இந்த மருந்துக்குச் சாப்பாடு. திறப்புக்கோர்வையில் தொங்குகிற சின்ன யு.வி. டோர்ச்சால் பத்து செக்கன் அடித்தால் வெள்ளை டோர்ச்சால் ஒரு நிமிடம் அடித்ததை விடக் கூட ஏறும். உள்ளங்கையைக் குழித்து அதுக்குள் பார்த்தால் தெரியும், வித்தியாசம் ஒளிக்காது.

ஒரு அக்கா கேட்டிருந்தா: "ஓட்டைக்குள்ளால பச்சை எல்.ஈ.டி. லைற் ஒண்டை இறக்கிவிட்டா என்ன?" அக்கா, ஒன்ராறியோவில் மீனைக் கூப்பிட வெளிச்சம் போடுவது சட்டப்படி குற்றம். கைவலையால் அள்ள அனுமதித்த இடத்தில் ஸ்மெல்ற் மாதிரி ஒன்றிரண்டு மீனுக்கு விலக்கு இருக்கிறது. தூண்டிலோடு சேர்ந்த வெளிச்சத்துக்கும் விலக்கு இருக்கிறது. அதனால் குளோ ஜிக் சரி, தொங்குகிற லைற் பிழை. சின்ன வயதில் தென்னோலைச் சூள் கொளுத்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நண்டு பார்த்துத் திரிந்த எங்களுக்கு இது ஒரு மாதிரித்தான் இருக்கும். நானும் முதல் வருசம் ஒன்று வாங்கி, பெட்டி உடைக்காமல் நிலவறையில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் நத்தார் மரத்துக்குத் தரலாம்.

2 பெப்ரவரி

கெம்பென்ஃபெல்ட் பே, பாரிப் பக்கம். எண்பது அடி. ஆழத்து மீன் தேடி: வைற்ஃபிஷ், கிடைத்தால் லேக் ட்ரவுற். இது பேர்ச்சின் உலகம் இல்லை. மேலே மூன்று அங்குலப் பனி, அதுக்குக் கீழே பாதி வெள்ளை ஐஸ், அதுக்குக் கீழே எண்பது அடித் தண்ணீர். அடியில் நடுப்பகலில் என்ன வெளிச்சம் என்று கமராவை இறக்கினால், அது தன் சொந்த லைற்றைப் போட்டுக்கொண்டது. பதில் அதிலேயே இருக்கிறது.

இங்கே குளோ வேலை செய்தது. ஸ்வீடிஷ் பிம்பிள் என்கிற வெள்ளி ஸ்பூன் தூண்டிலில் குளோ ஸ்ரிக்கர் ஒரு கீற்று ஒட்டினேன், அவ்வளவுதான். முழுக்க குளோ பூசிய ஸ்பூனைத் தொடவில்லை. ஒரு கீற்றுக்கு இரண்டு வைற்ஃபிஷ். காலை ஏழிலிருந்து பின்னேரம் மூன்று வரைக்கும் இரண்டு. எட்டு மணித்தியாலத்தில் இரண்டை வைத்து நிறத்தைப் பற்றிக் கதைக்கிறேன் பாருங்கோ. ஆனால் எல்லாரும் இப்படித்தான் கதைக்கிறோம்.

மீனை எதிரொலியால் காட்டுகிற ஃப்ளாஷர் கருவியின் திரையிலும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் ஓடும். பக்கத்து ஹட்டில் புதிதாக வந்த ஒரு பொடியன் "சிவப்புக் கோடு வந்தா சிவப்பு ஜிக் போடுறதோ?" என்று கேட்டான். சிரிக்கவில்லை. சிவப்பு என்றால் எதிரொலி பலம், நேர் கீழே நிற்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் எங்களை விடக் கூடப் பிடித்தான்.

9 பெப்ரவரி

கைவேலை. குளோ தூள் ஒரு சின்னப் போத்தல் வாங்கி, மகளின் நிறமில்லாத நகப்பூச்சில் குழைத்து, பழைய ஜிக் பதினொன்றுக்குப் பூசினேன். ஆறு டொலர்ச் சுவருக்கு நாமம். நகப்பூச்சுக்குள் தூள் அடியில் படியும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். மூன்று பூச்சு. கீழே வெள்ளை அடித்துவிட்டுப் பூசினால் பிரகாசம் கூட, கறுப்பு ஈயத்தின் மேல் நேரே பூசினால் பாதி வெளிச்சத்தை ஈயமே தின்றுவிடும். இரவு படுக்கை அறையில் வரிசையாகக் காய வைத்திருந்தேன். மனிசி லைற்றை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இது என்ன, விமான நிலையமோ?"

17 பெப்ரவரி

நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

புதன்கிழமையும் சனி ஞாயிறும் கொட்டிய பனியைப் பற்றி ரொறொன்ரோவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இன்று ஃபமிலி டே விடுமுறை. இந்த மூன்று நாளும் கனடாவில் வசிக்கிறவர்கள் லைசன்ஸ் இல்லாமல் ஒன்ராறியோவில் மீன் பிடிக்கலாம், பேர்ச் ஆளுக்கு 25 வரை. அதனால் தங்கச்சி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு குக்ஸ் பே போனோம். ஜனவரியில் நின்ற அதே பகுதி, அதே ஆழம்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் பனி. அதன் பாரத்தில் ஐஸ் தாழ்ந்து, வெடிப்புகளால் தண்ணீர் மேலே வந்து, பனிக்கு அடியில் கூழாக நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்து உறிஞ்சி இழுபடுகிறது. பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு.

பித்தளை ஜிக்கை இறக்கினேன், ஜனவரி நினைப்பில். அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. ஃப்ளாஷரில் மீன் இருக்கிறது, வருகிறது, நிற்கிறது, போகிறது. கமராவை இறக்கினால் அந்திசாயும் நேரம் மாதிரி இருட்டு. நேரம் பகல் பதினொன்று.

புதுப்பனி தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் எண்பது தொண்ணூறு வீதத்தைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி பனிக்குள்ளேயே சிதறிச் செத்துப் போகும். ஐஸ் தடித்தால் இருட்டும் என்று நான் நினைத்திருந்தது பிழை. இரண்டடிக் கண்ணாடி ஐஸ் விடுகிற வெளிச்சத்தை ஒரு சாண் பனி விடாது. வெளியே எங்களுக்குக் கண் கூசுகிறது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறோம். வெளியே கூசுகிற ஒவ்வொரு துளியும் கீழே போகாத துளி. இத்தனை வருசம் வெளியே கூசுகிறதே, உள்ளேயும் வெளிச்சமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜிக் தெரிவு செய்திருக்கிறேன்.

மருமகள், ஒன்பது வயது, கேட்டாள்: "மாமா, ரெண்டையும் ஒரே நேரம் போட்டா என்ன?" ஐஸில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், இரண்டும் கண்பார்வைக்குள் 60 மீற்றருக்கு உள்ளே இருந்தால். இரண்டு ஓட்டை, இரண்டு மீற்றர் இடைவெளி. ஒன்றில் பித்தளை, மற்றதில் வீட்டில் பூசிய பச்சை குளோ. ஒரே நூல், ஒரே புழு. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓட்டையை மாற்றினோம். அவள் சொக்லேற் உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். ஒரு மணித்தியாலம்: குளோ 14, பித்தளை 3.

பிறகு அவளின் அப்பாவிடம் மண்வெட்டியைக் கொடுத்து, பித்தளை ஓட்டையைச் சுற்றிப் பத்தடிச் சதுரம் பனியை வழிக்கச் சொன்னோம். அந்தச் சத்தத்தில் இருபது நிமிடம் ஏரியில் மீனே இல்லை. அதுக்குப் பிறகு: பித்தளை 6, குளோ 5.

இதைத்தான் நான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தேன். நிறத்தைப் பெட்டியைப் பார்த்து எடுக்க வேண்டாம், காலுக்குக் கீழே எவ்வளவு பனி என்று பார்த்து எடுங்கோ. வழித்த ஐஸில் உலோகம், பனி மூடினால் குளோ. கேள்விக்காரத் தம்பிக்கு இதுதான் பதில்.

18 பெப்ரவரி

இரவு படுக்கையில் கிடந்து யோசித்தேன். பதினொரு மீன் சமமாக வந்ததுக்குப் பனியை வழித்தது மட்டும் காரணமா? மண்வெட்டிக்குப் பிறகு வந்தது வேறு கூட்டமாக இருக்கலாம். பேர்ச் கூட்டம் ஒரு இடத்தில் நிற்காது. "இதுதான் பதில்" என்றதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கோ. 14க்கு 3 என்பதை நம்புகிறேன். 6க்கு 5 என்பதை நம்ப ஆசை.

22 பெப்ரவரி

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று சீசனாகக் குறித்து வருகிறேன்: நாள், ஆழம், ஜிக், மீன். "நிறம் மாற்றியதும் பிடிபட்டது" என்று நானே எழுதி, அடியில் கோடும் போட்ட இடங்கள் முப்பத்தொன்று.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டில் ஓட்டையையும் மாற்றியிருக்கிறேன். ஆறில் ஆழத்தை. மிச்சம் பதின்மூன்று. அதில் ஒன்று பிடரியில் அடித்தது: நிறம் மாற்ற நூலை மேலே எடுக்கிறபோது பழைய புழுவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் புழு குத்துகிறேன். ஒவ்வொரு முறையும். பழைய புழு அதுக்குள் தண்ணீரில் ஊறி, சாறு போய், வெள்ளைத் தோலாகத் தொங்கும். புதுசு நெளியும், மணக்கும். மீன் எதுக்கு வந்தது, பச்சைக்கா, புதுப் புழுவுக்கா?

புழு மாற்றாமல் நிறம் மட்டும் மாற்றியதாக உறுதியாகச் சொல்லக்கூடியது நாலு தரம். முப்பத்தொன்றில் நாலு. மருமகள் ஒரு மணித்தியாலத்தில் செய்ததை நான் மூன்று வருசத்தில் செய்யவில்லை.

ஆகவே தம்பி, கடிக்காவிட்டால் முதலில் புழுவை மாற்றுங்கோ. அதே ஜிக்கை, அதே ஓட்டையால் இறக்குங்கோ. அதுக்கும் வராவிட்டால் நிறம்.

22 பெப்ரவரி, சாமம்

மறந்துவிட்டேன், லிங். ஆங்கிலத்தில் பர்பொற் என்பார்கள், இங்கே எல்லாரும் லிங் என்றே சொல்வது. கொட் மீனின் சொந்தக்காரன், அந்தக் குடும்பத்தில் நன்னீரிலேயே சீவிக்கிறவன் இவன் ஒருவன்தான். ஐஸுக்குக் கீழேயே முட்டையிடும், அதுவும் இந்தக் குளிரில். இரவாடி. பேர்ச் இருட்டினதும் வாயை மூடிக்கொள்ளும், லிங் அப்போதுதான் கடை திறக்கும்.

லிங்குக்கு மட்டும் நான் மேலே சொன்ன அடக்கம் ஒன்றும் வேண்டாம். பெரிய குளோ ஜிக், நல்லாய் ஏற்றி, மினோ என்கிற சின்ன மீனின் தலை ஒன்றைக் குத்தி, தரையில் தட்டுங்கோ. தட், தட், நிறுத்தம். சேறு கிளம்ப வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் எடுத்துத் திரும்ப ஏற்றுங்கோ. பார்க்க விலாங்குக்கும் கெளிறுக்கும் பிறந்த மாதிரி, கையைச் சுற்றி வாலைப் போடும். முகத்தைச் சுளிக்காமல் தோலை உரித்து, தேங்காய்ப்பால் விட்டு, பச்சைமிளகாய் கீறிப் போட்டுச் சொதி வையுங்கோ. சதை இறால் மாதிரி இறுகும். போன கிழமை எங்கள் அம்மா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் "என்ன மீன்?" என்று கேட்டா. படம் காட்டவில்லை.

2 மார்ச்

வெட்கத்தோடு ஒரு திருத்தம். பெப்ரவரி 9ஆம் திகதி பூசிய பதினொன்றில் ஏழு செத்துவிட்டன. மூன்று பயணம்தான். டோர்ச்சை ஒட்டி வைத்து அடித்தாலும் சாம்பல் நிறத்தில் ஒரு முனகல். தூள் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு நாள் வாயில் வந்ததைச் சொல்லித் திரிந்தேன். பெட்டியிலும் "12 மணித்தியாலம்" என்று போட்டிருந்தது, கோபத்துக்குச் சாட்சி வேறு கிடைத்துவிட்டது.

பிழை என்னுடையது. ஸ்ரொன்சியம் அலுமினேற்றுக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் தூள் மெல்லக் கரைந்து மாறி, குளோ போய்விடும். அதனால்தான் வெளியில் பாவிக்கிற மருந்துக்கு மேலுறை கொடுத்து விற்கிறார்கள். நான் வாங்கியது உறை இல்லாத மலிவுத் தூள். அதை நகப்பூச்சில் குழைத்து, மேலே ஒன்றும் பூசாமல் விட்டேன். கல்லில் இடிபட்டு நகப்பூச்சு வெடித்த இடத்தால் ஏரி உள்ளே போயிருக்கிறது. உயிரோடு இருக்கிற நாலும் எப்பொக்சி மேல்பூச்சுப் போட்டவை. அன்று எப்பொக்சி நாலுக்குத்தான் காணும், மிச்சத்துக்குப் பஞ்சிப்பட்டேன்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. செத்துக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நேற்று முழுக்கப் பாவித்தேன், வேறு எடுக்கச் சோம்பல். ஏறியும் ஏறாமலும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு சாடை. பனி நாலு அங்குலம், பகல். பேர்ச் நல்லாய் எடுத்தது. ஜனவரியில் டியூப் லைற்றாக எரிந்த ஜிக்கைக் கண்டு பின்வாங்கிய மீன்தான் இது. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஏற்றினதும் உடனே இறக்குவதில்லை. உள்ளங்கையில் பொத்தி வைத்து, பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு இறக்குவது. தொடக்கப் பளிச் அதுக்குள் அடங்கிவிடும். இதையும் மருமகளிடம் கொடுத்துக் கோடு போட வைக்க வேண்டும், அதுவரைக்கும் நம்பாதையுங்கோ.

3 மார்ச்

குயின்ரே குடாவில் பிக்கரல் பிடிக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார், நான் சொல்வதெல்லாம் அங்கே எடுபடாதாம், பளிச் என்று எரிந்தால்தான் வருமாம். இருக்கும். பிக்கரலின் கண்ணுக்குப் பின்னால் பூனைக்கு இருப்பது மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற படலம் இருக்கிறது. மம்மல் வேட்டைக்கு அமைந்த கண். பேர்ச்சுக்கு அது இல்லை, பகல் மீன். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேலை நேரம் வேறு. நான் எழுதுவது சிம்கோப் பேர்ச்சைப் பற்றி, அதுவும் குக்ஸ் பேயில் நான் நிற்கிற அந்த நாலு ஓட்டையைப் பற்றி. ஹொலண்ட் ஆறு சேறு கொண்டுவருகிற தெற்கு முனையில்கூட வேறு கணக்கு. அங்கே தண்ணீர் கலங்கல், பனி இல்லாவிட்டாலும் குளோ கேட்கும்.

16 மார்ச்

வைற்ஃபிஷும் லேக் ட்ரவுற்றும் நேற்றோடு சீசன் முடிந்தது. கடைசியாக ஏரிக்குப் போனது 8ஆம் திகதி. பனி பெரும்பாலும் உருகி, ஐஸ் மேல் தட்டு வெளுத்து, தேன்கூடு மாதிரி ஆகத் தொடங்கியிருந்தது. உள்ளே திரும்பவும் வெளிச்சம். குளோ பெட்டியைத் திறக்கவே இல்லை. பித்தளைக்கு இருபத்தொன்று. கரைக்கு வருகிற வழியில் ஐஸ் காலுக்குக் கீழே ஒரு தரம் பெருமூச்சு விட்டது, இனிக் காணும் என்று முடிவெடுத்தேன்.

கேள்விக்காரத் தம்பி இன்று தனிமடல் போட்டிருக்கிறார். நான் சொன்ன மூன்றையும் வாங்கினாராம். அதோடு, கடையில் கையில் வைத்திருந்ததைத் திரும்ப மாட்ட மனமில்லாமல் பிங்க் ஒன்றும். இந்தச் சீசனில் அவர் பிடித்ததில் பாதிக்கு மேல் பிங்க்குக்குத்தானாம். படம் வேறு அனுப்பியிருக்கிறார், வாளி நிறைய.

எத்தனை அடி என்று கேட்டேன். எட்டு. பனி? அவர் எப்போதும் ஸ்கேற் பண்ண வழித்து வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தானாம் இருக்கிறவர். புழு? "அடிக்கடி மாத்துவன் அண்ணை, நீங்கள்தானே சொன்னீங்கள்."

தம்பி, அந்த பிங்க் எந்தக் கடையில் எடுத்தனீங்கள்? மிச்சம் தொங்கினால் எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கோ, 4 மில்லிமீற்றர்.